உஷார் ஐயாவின் இருட்டு ஒத்திகை

அவசரகாலப் பெட்டியின் சாவி, அவசரகாலப் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

உஷார் ஐயா சட்டைப் பையைத் தடவினார். கால்சட்டைப் பையைத் தடவினார். கடைசியில் தலையைத் தடவினார். அங்கே முடியே இல்லை. சாவி எப்படி இருக்கும்?

"என்னங்க தேடுறீங்க?" என்றாள் மனைவி, சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்தபடி.

"ஒண்ணுமில்ல. சாவிக்கொத்து."

"காலையில பெட்டியைத் திறந்து டார்ச்சையெல்லாம் எண்ணிக்கிட்டிருந்தீங்களே. அப்போ கொத்து உள்ளதானே கிடந்துச்சு, கயித்து மேல?"

"ஆமா."

"எண்ணி முடிச்சதும் பெட்டியை மூடினீங்க."

"ஆமா."

"பூட்டை அமுக்கினீங்க."

உஷார் ஐயா பூட்டை இழுத்துப் பார்த்தார். அமுக்கினால் தானாகவே பூட்டிக்கொள்ளும் பூட்டு அது. அவசர நேரத்தில் சாவியைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காகக் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது.

அவர் முப்பது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்தவர். தீப்பிடித்த கடை, மூழ்கிய வீடு, குளியலறையில் வழுக்கிய மாமனார் என்று ஊரார் விபத்தையெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே படித்துப் படித்து, ஓய்வு பெறும்போது உலகமே அவருக்கு ஒரு விபத்தாகத்தான் தெரிந்தது. காலிங்பெல் அடித்தால்கூட ஷாக் அடிக்குமோ என்று யோசிப்பார். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனதும் கேட்கவே வேண்டாம். எதைப் பேசினாலும் "உஷாரா இருக்கணும்" என்றுதான் தொடங்குவார். பச்சைக் குழந்தையைக் கொஞ்சினாலும் அதே தொடக்கம்தான். ஆகவே ஐந்து தளங்களிலும் அவர் உஷார் ஐயா.

அந்த உஷார் ஐயாதான் இப்போது தான் பூட்டிய பூட்டை, தன் வீட்டு வாசலை ஒட்டிய நடையில் மண்டியிட்டு, கோயிலில் வேண்டிக்கொள்கிறவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று பார்த்தா இப்படி ஆக வேண்டும்!

மின்சார அலுவலகம் ஒரு அறிவிப்பு விட்டிருந்தது. மின்தடையை எந்தக் குடியிருப்பு சிறப்பாகச் சமாளிக்கிறதோ, அந்தக் கட்டடத்தின் லிஃப்டுக்கு இலவசமாக பேட்டரி பொருத்தித் தருவார்கள். கரண்ட் போனாலும் லிஃப்ட் ஓடும். அதிகாரி நேரில் வந்து ஒத்திகையைப் பார்த்து முடிவு சொல்வார். இன்று மாலை இவர்கள் முறை.

லிஃப்ட் இவருக்காக இல்லை. மனைவிக்காக. மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவளால் நாலு மாடி ஏற முடியாது. போன மாதம் மருத்துவமனையிலிருந்து திரும்பிய நேரம் பார்த்துக் கரண்ட் போனது. வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவள், கரண்ட் வரும்வரை ஒரு முழு மாலையும் அங்கேயே இருந்தாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் நலம் விசாரித்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அவளிடமே வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்டார்.

அன்றே அவளுடைய தங்கை போன் செய்துவிட்டாள். "அக்கா, பேசாம எங்க வீட்டுக்கு வந்துடுங்க ரெண்டு பேரும். கீழ் வீடு. வாசல்ல ஒரு படிகூடக் கிடையாது."

தங்கை வீட்டில் படி கிடையாது. ஆனால் சகலை உண்டு. கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஜோக்கைச் சொல்லிக்கொண்டிருக்கும் சகலை. பாதியிலேயே தானே சிரித்துவிடுவார்; பிறகு அதை விளக்குவார்; விளக்கம் புரிந்ததா என்று கேட்பார்.

"இன்னிக்கு அந்த பேட்டரி கிடைச்சா இங்க இருப்போம்," என்று காலையிலேயே மனைவி தீர்மானமாகச் சொல்லியிருந்தாள். "கிடைக்கலேன்னா நாளைக்கே தங்கச்சி வீடு. பொட்டியெல்லாம் கட்டி வச்சுட்டேன்."

பெட்டியைப் பற்றி நினைத்ததும் உஷார் ஐயாவுக்குத் தன் பெட்டி நினைவுக்கு வந்தது.

"உன் கொண்டை ஊசி ஒண்ணு குடு."

"ஊசியால பூட்டைத் திறக்கிறது திருடங்களுக்குத்தாங்க வரும். உங்களுக்கு எதுக்கு?"

"குடும்மா. உஷாரா செஞ்சா எல்லாம் வரும்."

ஊசி உள்ளே போனது. வலப்பக்கம் திரும்பியது. இடப்பக்கம் திரும்பியது. 'டிக்' என்று ஒரு சத்தம். உஷார் ஐயா வெற்றிப் புன்னகையோடு கையை எடுத்தார். கையில் பாதி ஊசி இருந்தது.

மீதிப் பாதி பூட்டுக்குள். இனி சாவியே கிடைத்தாலும் நுழையாது.

அந்த நேரத்தில் குழாய்க்காரர் கையில் ஸ்பேனருடன் படியேறி வந்தார். மூன்று வாரமாக உஷார் ஐயா அவரை விரட்டிக்கொண்டிருந்தார். கட்டடத்தின் சுவரோரம் கீழிருந்து மேல்வரை போகும் இரும்புக் குழாய் அவ்வப்போது 'டங் டங் டங்' என்று சத்தம் போடுகிறதாம்.

"பார்த்தியாப்பா குழாயை?"

"பார்த்தேன் சார். காத்து. உள்ள காத்து அடைச்சுக்கிட்டா அப்படித்தான்."

"அது எப்படிப்பா, நான் காலையில பால் வாங்கிட்டு வரும்போது அடைக்குது, சாயங்காலம் நடந்துட்டு வரும்போது அடைக்குது?"

குழாய்க்காரர் கூரையைப் பார்த்தார். "சில காத்துக்கு நேரம் காலமெல்லாம் உண்டு சார்."

"சரி, அதை விடு. இந்தப் பெட்டியை ஒரு கை பிடி. எதிர்த்த தெருவுல மெக்கானிக் கடை இருக்குல்ல, அங்க கொண்டுபோய்ப் பூட்டை அறுத்துடலாம்."

பெட்டியை அசைத்தபோதுதான் அதற்குள் எவ்வளவு முன்யோசனை இருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்தது. டார்ச்சுகள், மெழுகுவர்த்திகள், தண்ணீர் பாட்டில்கள், கயிறு, கட்டுத்துணி, விசில். போதாததற்கு வாசலிலிருந்து மொட்டை மாடி வரை படிக்கட்டில் இருந்த அத்தனை பல்புகளும் அதற்குள்தான். போன வாரம் 'இருட்டில் படியிறங்கும் பயிற்சி'க்காகக் கழற்றியவர், பத்திரமாக இருக்கட்டும் என்று உள்ளே போட்டிருந்தார். பயிற்சிக்கு யாரும் வரவில்லை. அவரே இறங்கினார். இரண்டாவது மாடியில் விழுந்தார்.

இருவரும் தள்ளித் தள்ளிப் பெட்டியை லிஃப்ட் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். கதவு திறந்தது. பெட்டி பாதி உள்ளே போனது. அதற்குமேல் போகவில்லை.

"சாய்ச்சு விடுங்க சார்."

சாய்த்தார்கள். இன்னும் கெட்டியாக இறுகியது.

"அப்போ வெளிய இழுங்க சார்."

இழுத்தார்கள். வரவில்லை. லிஃப்ட் கதவு மூடப் பார்த்தது. பெட்டியில் முட்டித் திறந்தது. மறுபடி மூடியது, மறுபடி முட்டியது. நாலைந்து தடவை முட்டிய பிறகு அதற்கும் ரோஷம் வந்துவிட்டதுபோலும், எலும்பைக் கவ்விய நாய் மாதிரி பெட்டியைக் கவ்விக்கொண்டு 'கர்ர்ர்' என்றது. உள்ளே விளக்கு அணைந்தது. பொத்தான்கள் அணைந்தன. லிஃப்ட் செத்துப்போனது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அந்தப் பூதம் இப்போது நாலாவது மாடியில் வாயைத் திறந்தபடி நின்றது.

குழாய்க்காரர் ஸ்பேனரைப் பையில் போட்டார். "நான் குழாய் வேலைதான் சார் பார்ப்பேன். லிஃப்டுல தண்ணி வந்தா சொல்லி அனுப்புங்க." வந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் படியிறங்கிப் போய்விட்டார்.

கைத்தடியை ஊன்றிக்கொண்டு மனைவி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"ஏங்க, தங்கச்சி வீட்டுக்குப் போகணும்னாலும் லிஃப்ட் வேணுமே. நான் என்ன ஜன்னல் வழியாவா போவேன்?"

"கயிறு இருக்கு..." என்று உஷார் ஐயா ஆரம்பித்தார்.

"எங்க?"

"பெட்டிக்குள்ள."

மனைவி திரும்பி உள்ளே போனாள். கைத்தடி தரையில் ஊன்றிய விதத்திலேயே அவளுடைய கருத்து முழுவதும் அடங்கியிருந்தது.

பெட்டி போகாவிட்டால் என்ன, மெக்கானிக்கை மேலே கூட்டி வந்துவிடலாம் என்று உஷார் ஐயா படியிறங்கினார். இறங்குகிற வழியில் ஆட்களையும் தயார் செய்துவிடலாம் என்று ஒரு கணக்கு.

இரண்டாவது மாடியில் பல் டாக்டர் அப்போதுதான் கதவைத் திறந்து குப்பைக்கூடையை வெளியே வைத்துக்கொண்டிருந்தார். உஷார் ஐயாவைக் கண்டதும் குப்பைக்கூடைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளலாமா என்று யோசிப்பவர் போல ஒரு கணம் நின்றார்.

"டாக்டர், உஷாரா இருக்கணும். இன்னிக்கு ஒத்திகை."

"இருக்கேன், இருக்கேன். உள்ள ஒரு நோயாளி வாயைத் திறந்தபடி காத்துக்கிட்டிருக்கார்."

"ஞாயித்துக்கிழமை வீட்டுலயா?"

"சொந்தக்காரர்," என்றபடி கதவைச் சாத்திவிட்டார்.

முதல் மாடியில் பாட்டு டீச்சர் வீட்டுக் கதவு காற்றுக்காகத் திறந்திருந்தது. டீச்சர் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் இழுத்துக்கொண்டிருந்தார். வாசலில் உஷார் ஐயாவின் முகம் தெரிந்ததும் ஸ்வரம் தொண்டையிலேயே நின்றது.

"டீச்சர், ஒரு சின்னக் கேள்வி. கரண்ட் போனா முதல்ல என்ன செய்வீங்க?"

"பாடுறதை நிறுத்திடுவேன்."

"அப்போ தினமும் போகட்டும்!" என்று மேலே பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து பல் டாக்டரின் குரல் வந்தது.

உஷார் ஐயா அதைக் காதில் வாங்கவில்லை. "ஆறரைக்கு அதிகாரி வர்றாங்க. எல்லாரும் வீட்டுல இருக்கணும். கூச்சல் கூடாது, ஓட்டம் கூடாது. அதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை வீடு வீடா வந்து ஆளுக்குப் பதினஞ்சு கேள்வி கேட்டுப் பார்த்துடறேன்."

"பதினஞ்சா?" டீச்சர் வெலவெலத்துப் போனார். பிறகு முகத்தைத் திருத்திக்கொண்டார். "அதிகாரி வரட்டும் ஐயா. அக்கா படுற பாட்டைப் பார்த்துக்கிட்டுதானே இருக்கோம். அவங்களுக்காகவாவது செய்ய மாட்டோமா? ஆனா இந்தக் கேள்வியெல்லாம்..."

"கேள்விதான் முக்கியம் டீச்சர்!" என்றபடி அவர் இறங்கிப் போனார்.

மனசு கொஞ்சம் குளிர்ந்தது. நல்ல ஜனங்கள். சங்கக் கூட்டத்துக்கு வருவதில்லையே தவிர, சொன்ன சொல்லைக் கேட்கிறார்கள். 'மின்சாரத்தைச் சேமியுங்கள்' என்று போன வருடம் ஒருநாள் பேசினார். அன்று முதல் மாலையில் அவர் மாடி மாடியாகச் சுற்றி வரும்போது ஒரு வீட்டிலும் விளக்கு எரிவதில்லை. பெருமையாக மனைவியிடம் சொல்லியிருக்கிறார். "என்ன சிக்கனம் பார்த்தியா! என் ஒரு பேச்சுக்கு!" அவள் பதிலுக்கு ஒரு மாதிரி சிரித்தாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டார்.

மெக்கானிக் கடை மூடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. எல்லா ஆபத்துகளுக்கும் தயாராக இருந்தவர், வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தயாராக இல்லை.

தெரு முழுக்க வேறு ஆள் தேடி அலைந்துவிட்டு அவர் வெறுங்கையோடு திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. வாட்ச்மேன் வாசலில் தடியை மடியில் வைத்துக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐயாவைப் பார்த்ததும் எழுந்தார்.

"இங்க பாரு. நான் விசில் அடிச்சா மெயின் சுவிட்சை அணைக்கணும்னு சொல்லியிருந்தேன்ல? இப்போ விசில் பெட்டிக்குள்ள மாட்டிக்கிச்சு. அதனால திட்டத்தை மாத்தறேன். அதிகாரியை அழைச்சுக்கிட்டு நான் முதல் படியில கால் வைப்பேன். வச்ச உடனே நீ மெயினை அணைக்கணும். நாங்க மேல பார்த்துட்டு இறங்கி வரும்போது மறுபடி போடணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது ஐயா. ஆனா மெயின் ரூம்..."

"ஆனாவா? அவசர நேரத்துல 'ஆனா'ன்னு இழுத்தவன் பிழைச்சதா என் முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு ஃபைல்லகூடப் பார்த்ததில்ல!"

"இல்ல ஐயா, அந்த ரூம்..."

"பேசாதே! உஷார்! ஜீப் வருது!"

ஆறு மணிக்கே வந்துவிட்டார்கள். ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி அம்மாவைப் பார்த்ததுமே உஷார் ஐயா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். காலையிலிருந்து தெருத் தெருவாக ஒத்திகை பார்த்துக் களைத்த முகம். செருப்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. பொறுமை இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தது.

"நீங்கதான் செயலாளரா? சீக்கிரம் காட்டுங்க. இதுக்கு முன்னாடி பார்த்த கட்டடத்துல மெழுகுவர்த்திக்காக ரெண்டு வீட்டுக்காரங்க கட்டிப் புரண்டாங்க. அதுக்கு முன்னாடி ஒருத்தர், இருட்டுல தன் மனைவின்னு நினைச்சு என்னைத் திட்டினார். எனக்கு இதுக்கு மேல தாங்காது."

"மேடம், இங்க எல்லாம் உஷாரா..." என்று தொடங்கியவர், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, திரும்பி வாட்ச்மேனைப் பார்த்து ஒருமுறை தலையாட்டிவிட்டு, முதல் படியில் காலை வைத்தார்.

டங். டங். டங்.

சனியன் பிடித்த குழாய்! இந்த நேரத்திலா காற்று அடைக்க வேண்டும்?

ஆனால் அதைப் பற்றிக் கவலைப்பட அவருக்கு நேரமில்லை. குழாய் சத்தம் அடங்குவதற்குள் கட்டடம் முழுவதும் இருளில் மூழ்கியது. முதல் மாடியில் பாட்டு நின்றது. எங்கோ ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது. மிக்ஸி நின்றது. ஒரு கதவு பூனை நடப்பதுபோல மெல்லச் சாத்திக்கொண்டது. பிறகு சத்தமே இல்லை.

அதிகாரி அம்மா அசந்து நின்றார். "கரண்ட் போனதும் 'ஓ'ன்னு ஒரு சத்தம் வருமே. அது எங்க?"

"இங்க வராது மேடம்," என்றார் உஷார் ஐயா. அது ஏன் வரவில்லை என்று அவருக்கே ஆச்சரியம்தான்.

"டார்ச் குடுங்க."

எல்லா டார்ச்சும் பெட்டிக்குள்! உஷார் ஐயாவுக்கு வியர்த்தது. "நிஜமான அவசரத்துல கையில டார்ச் இருக்கும்னு எதிர்பார்க்கக் கூடாது மேடம். அதனால நாங்க டார்ச் இல்லாமத்தான் பழகறோம்."

அதிகாரி அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். தன் பையிலிருந்து ஒரு டார்ச்சை எடுத்தபடி, "இதை யாருமே யோசிச்சதில்ல," என்று முணுமுணுத்தார். அது பாராட்டு என்று தெரிய உஷார் ஐயாவுக்கு நாலு படி ஆனது.

முதல் மாடி. ஆள் அரவமே இல்லை. கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும் தெரிந்தது.

"ஒருத்தர்கூட வெளிய வந்து, 'உங்க வீட்டுலயும் போயிடுச்சா'ன்னு கேக்கலையே!"

"அப்படிக் கேக்கறதால கரண்ட் வரப்போறதில்லைன்னு சொல்லியிருக்கேன் மேடம்."

இரண்டாவது மாடி. பல் டாக்டரின் கதவருகே டார்ச் வெளிச்சம் பட்டதும் உள்ளே ஒரு தும்மல் கிளம்பியது. பாதியிலேயே யாரோ அதன் வாயைப் பொத்திவிட்டார்கள்.

"தும்மலைக்கூட அடக்குறாங்க!" என்றார் அதிகாரி அம்மா, கோயிலுக்குள் பேசுவது போன்ற குரலில்.

மூன்றாவது மாடியில் ஒரு குழந்தை, "அம்மா, உஷார் தாத்..." என்றது. "ஷ்ஷ்!" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"சின்னக் குழந்தைக்குக்கூட 'உஷார்'னு சொல்லிக் குடுத்திருக்கீங்களா?"

உஷார் ஐயா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். இத்தனை நாளும் அந்தச் சிக்கனப் பேச்சைத் தவிர மற்றதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நினைத்தாரே! பயிற்சிக்கு வராவிட்டாலும் ஒவ்வொரு வார்த்தையையும் வீட்டுக்குள் இருந்தபடியே மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

நாலாவது மாடிக்கு வந்ததும் அவருக்கு மூச்சே நின்றுவிட்டது.

அவர் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜம்மென்று. டிவியில் யாரோ யாரையோ விவாகரத்து செய்துகொண்டிருந்தார்கள்.

"இது யார் வீடு?" என்றார் அதிகாரி அம்மா.

"எ... என் வீடு மேடம்."

"மெயினை அணைச்ச பிறகு இங்க எப்படி லைட் எரியுது?"

அதைத்தான் அவரும் யோசித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. சோபாவில் இருந்த மனைவி இருவரையும் பார்த்தாள். அவர்களுக்குப் பின்னாலிருந்த கும்மிருட்டைப் பார்த்தாள். ஒரு விநாடி புருவத்தைச் சுருக்கினாள். பிறகு கண்கள் விரிந்தன. சட்டென்று கைத்தடியை நீட்டிச் சுவரிலிருந்த சுவிட்சுகளை வரிசையாகத் தட்டினாள். விளக்கு அணைந்தது. டிவி அணைந்தது. விவாகரத்து பாதியில் நின்றது.

"மன்னிச்சுக்குங்க மேடம். நம்ம வீட்டு இன்வெர்ட்டரை அணைக்க மறந்துட்டேன்."

'நம்ம வீட்டுல ஏது இன்வெர்ட்டர்?' என்று கேட்க உஷார் ஐயா வாயைத் திறந்தார். டார்ச் வெளிச்சத்தில் மனைவியின் பார்வை தெரிந்தது. முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அந்தப் பார்வைக்கு ஒரே பொருள்தான். வாயை மூடிக்கொண்டார்.

"சரிம்மா, உங்களை ஒரு கேள்வி கேக்கறேன்," என்றார் அதிகாரி அம்மா. "கரண்ட் போனா முதல்ல என்ன செய்வீங்க?"

"இவர் கையைப் பிடிச்சுக்குவேன்."

"அவ்வளவுதானா?"

"இவர் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் வெளிச்சம் இருக்காது மேடம். நான்தானே பிடிச்சுக்கணும்?"

சொன்னதோடு நிற்கவில்லை. எழுந்து வந்து இருட்டில் துழாவி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். வியர்த்துச் சில்லிட்டிருந்த அந்தக் கையை ஒருமுறை அழுத்தினாள். உஷார் ஐயாவுக்குச் சகலை வீடு, பெட்டி, பூட்டு எல்லாம் ஒரு நொடி மறந்தே போயின.

அதிகாரி அம்மா கனைத்தார். டார்ச்சைத் திருப்பியபோது அது லிஃப்ட் வாசலில் போய் நின்றது. பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகப் பெட்டி.

"அது என்ன?"

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? ஆனது ஆகட்டும் என்று உஷார் ஐயா சொன்னார்: "கரண்ட் போற நேரத்துல யாரும் பதறிப்போய் லிஃப்டுல ஏறி மாட்டிக்கக் கூடாதில்லையா மேடம்? அதான் குறுக்க ஒரு பெட்டியை வச்சு லிஃப்டை நிறுத்திட்டோம்."

அதிகாரி அம்மா பெட்டியை ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. "யாராலயும் எடுக்க முடியாத மாதிரி வச்சிருக்கீங்க!"

"எங்களாலயே முடியாது மேடம்," என்றார் உஷார் ஐயா. அன்று அவர் சொன்ன ஒரே உண்மை அது.

இறங்கத் தொடங்கினார்கள். மூன்றாவது மாடியைத் தாண்டியதும் மேலே அந்த மாடியில் விளக்குகள் எரிந்தன. இரண்டாவது மாடியைத் தாண்டினார்கள். அந்த மாடியில் விளக்கு வந்தது. அடக்கி வைத்திருந்த தும்மலும் முழுசாக வந்தது. முதல் மாடியைத் தாண்டினார்கள். கதவிடுக்கில் வெளிச்சம் வந்தது, ஸ்வரம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அதிகாரி அம்மா படியிலேயே நின்றுவிட்டார்.

"செயலாளர் சார், இது... இது யார் யோசனை?"

"எது மேடம்?"

"கரண்ட் வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்துல எல்லாத்தையும் போட்டா லோடு தாங்காம மறுபடி போயிடும். ஒவ்வொரு மாடியா போடுங்கன்னு எத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்துறோம்! ஒரு கட்டடம் கேட்டதில்ல. இங்க மேலிருந்து கீழ வரைக்கும், அளந்து வச்ச மாதிரி..."

அவருக்குக் குரல் தழுதழுத்தது. காலையிலிருந்து அவர் பட்ட பாடு அப்படி.

உஷார் ஐயா பணிவாகத் தலை குனிந்தார். இப்படி ஒரு யோசனை இருப்பதே அவருக்கு இப்போதுதான் தெரியும்.

"முடிவை ஆபீஸ்ல போய்ச் சொல்றதுதான் வழக்கம். பரவாயில்ல, இங்கயே சொல்லிடறேன்," என்றார் அதிகாரி அம்மா ஜீப்பில் ஏறியபடி. "லிஃப்ட் பேட்டரி உங்களுக்குத்தான். அடுத்த வாரம் ஆள் வருவாங்க, அந்தப் பெட்டியையும் அவங்களே எடுத்துடுவாங்க. மொத்தக் கட்டடத்துல ஒரே ஒரு குறைதான். செயலாளர் வீட்டுல மட்டும் ஒழுங்கு பத்தல."

ஜீப் திரும்பிப் போனது. உஷார் ஐயா அண்ணாந்து பார்த்தார். ஐந்து தளங்களிலும் விளக்குகள். நாலாவது மாடி ஜன்னலில் மனைவி நின்றிருந்தாள். அவர் இரண்டு கைகளையும் தூக்கி வெற்றி என்று காட்டினார். அவள் கைத்தடியைத் தூக்கிக் காட்டினாள். கட்டி வைத்த பெட்டிகளை அவள் இந்நேரம் பிரித்திருப்பாள். சகலை தன் ஜோக்கை வேறு யாருக்காவது சொல்லிக்கொள்ளட்டும்.

கண்களைத் துடைத்துக்கொண்டு வாட்ச்மேனிடம் போனார். அவருடைய இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார்.

"இந்த வெற்றியில பாதி உனக்குத்தான்ப்பா! நான் படியில கால் வச்சேன், நீ மெயினை அணைச்சே. ஒரு நொடி முந்தல, ஒரு நொடி பிந்தல. எப்படிப்பா அவ்வளவு கச்சிதமா செஞ்சே?"

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். தன் கையிலிருந்த தடியைப் பார்த்தார். சுவரோரம் போகும் இரும்புக் குழாயைப் பார்த்தார்.

"மெயின் ரூம் சாவியும் நீங்க பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டின கொத்துலதானே ஐயா இருக்கு, நான் எங்க மெயினை அணைச்சேன்? நீங்க படியேறுறதைப் பார்த்ததும் பழக்கதோஷத்துல, எல்லா வீட்டுக்கும் கேக்குற மாதிரி குழாயை மூணு தட்டுதான் தட்டினேன்!"